கஜுலு லட்சுமிநரசு செட்டி: சென்னை வணிகரின் விண்ணப்ப அரசியல்

சென்னை மாகாணத்தில் அமைப்பு சார்ந்த அரசியலைத் தொடங்கிவைத்தவர் ஒரு வணிகர். 1806இல் சென்னையில் அவுரி வணிகக் குடும்பத்தில் பிறந்த கஜுலு லட்சுமிநரசு செட்டி, அவுரியிலும் துணியிலும் பொருளீட்டியவர். அந்தப் பணம் எங்கே போனது என்பதே அவருடைய வரலாறு.

1844 அக்டோபரில் அவர் ‘கிரசெண்ட்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர். மிஷனரிகளின் மதமாற்றப் பணிக்கு எதிராக இந்துக்களின் தரப்பை எடுத்துரைப்பதே இதழின் முதல் நோக்கம். 1846இல் கவர்னர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடநூலாக்க முனைந்தபோது, செட்டியும் அவருடைய கூட்டாளிகளும் கூட்டம் கூட்டிக் கையெழுத்துத் திரட்டி லண்டனுக்கு விண்ணப்பம் அனுப்பினர். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அத்திட்டத்தை ஏற்கவில்லை. மேலதிகாரியின் தலைக்கு மேல் லண்டனிலேயே முறையிட முடியும் என்ற துணிவு இவர்களுக்கு அப்போது வந்தது. எனினும் மதம் மாறியவரின் சொத்துரிமையைக் காத்த 1850ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதே குழு எதிர்த்தது. அது நியாயத்தின் பக்கம் நின்ற செயல் என்று என்னால் எழுத முடியாது.

திருப்பம் 1852இல் வந்தது. கம்பெனியின் சாசனம் மறு ஆண்டில் புதுப்பிக்கப்பட இருந்தது. அதை முன்னிட்டு அந்த ஆண்டு பிப்ரவரியில் செட்டியின் முயற்சியால் சென்னை சுதேசிகள் சங்கம் உருவானது. கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்துக்குக் கிளையாகத் தொடங்கிய அது, சில மாதங்களிலேயே பிரிந்து தனித்து இயங்கியது. சென்னையின் முதன்மைக் குறை நிலவரி. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்குக் கடன்பட்டவன். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. கிஸ்தி தவறினால் விரல்களைக் கிட்டியில் நெரிப்பது, அண்ணாந்தாள் கட்டிக் குனியவைத்து நிறுத்துவது, வெயிலில் நிற்கவைப்பது ஆகியன வழக்கமாயிருந்தன. பட்டணத்துச் செல்வர்களின் சங்கம் இந்த ஊர்ப்புறக் கொடுமையைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டதுதான் லட்சுமிநரசு செட்டியின் வாழ்வில் மிகப் பெரிய செயல். 1852 டிசம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குச் சங்கத்தின் விண்ணப்பம் போயிற்று.

1853இல் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமர் சென்னை வந்தார். செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று, குடியானவர்களின் வாயாலேயே நிலைமையைக் கேட்கவைத்தார். சரக்கை நேரில் காட்டினாலன்றி விலை படியாது என்பதை அறிந்த வணிகரின் அணுகுமுறை இது. 1854 ஜூலையில் பாராளுமன்றத்தின் பொதுச்சபையில் சித்திரவதை பற்றி விவாதம் நடந்தது. அதைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நேரிலும் கடிதம் வழியாகவும் 1,959 பேரின் முறையீடுகள் அதற்கு வந்தன. அதன் 1855ஆம் ஆண்டு அறிக்கை, வரி வசூலில் சித்திரவதை நடப்பதை உறுதிசெய்தது. ஐரோப்பிய அதிகாரிகளைப் பொறுப்பிலிருந்து விடுவித்த பகுதி மட்டும் எனக்கு ஏற்புடையதன்று. அவர்கள் நிர்ணயித்த வரியை அவர்களுக்காகவே கீழ்ச்சிப்பந்திகள் வசூலித்தார்கள். கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இவ்வறிக்கையைச் சான்றாகக் கொண்டு எழுதினார். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது.

1863இல் செட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அதற்குள் சங்கம் தளர்ந்திருந்தது. அவருடைய செல்வமும் பொதுக்காரியங்களில் கரைந்திருந்தது. 1868இல் வறுமையில் இறந்தார்.

சென்னை மகாஜன சபை 1884இல்தான் தோன்றியது. ஆகவே இம்மாகாணத்தின் அரசியல் வரலாற்றை அந்தச் சபையிலிருந்தோ, மறு ஆண்டில் பிறந்த காங்கிரஸிலிருந்தோ தொடங்குவது பிழை. 1852ஆம் ஆண்டின் விண்ணப்பத்திலிருந்து தொடங்குவதே சரி.