மெய்யே?

சொன்ன கதையை நம்ப மனமில்லாவிட்டால் இலங்கையின் வடக்கே வன்னியில் கேட்பவர் வாயில் முதலில் வருவது 'மெய்யே?'. எரிச்சலும் சேர்ந்துகொண்டால் 'உதென்ன கதை?'. இவையெல்லாம் வெறும் வாய்ச்சத்தம், இவற்றுக்கு ஏது இலக்கணம், ஏது வரலாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. 'ஐயோ'வை மட்டும் பார்த்தால் அது சரிபோலவே தோன்றும். தமிழர், சிங்களவர், மலையாளிகள் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது. எல்லோருக்கும் பொதுவான சொல்லிடம் ஓர் ஊரின் கதையைக் கேட்டுப் பயனில்லை.

'மெய்யே?' அப்படியல்ல. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தரும் ஐந்து பொருள்களில் வினாவும் ஒன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த இடத்தை ஆகாரம் பிடித்துக்கொண்டது, அங்கே 'நெசமாவா?' என்பார்கள். இலங்கையின் வடக்கில் ஏகாரம் இன்றும் கேள்வி கேட்கிறது. 'ஓமோ?' இன்னும் சுவையானது. ஓகாரத்துக்கு வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு என்கிறது அதே நூல், 'ஓமோ?' என்று இழுப்பவர் ஓம், அதாவது ஆம், என்று சொல்லிக்கொண்டே இல்லையென்கிறார். அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் தமிழ்நாட்டுப் பேச்சு உதிர்த்துவிட்ட உகரத்தில் பிறந்தது 'உது'. முன்னால் நிற்பவரின் பக்கமுள்ளதைச் சுட்டுவது அது. ஆகவே 'உதென்ன கதை?' என்றதும் கதை சொன்னவர் மடியிலேயே திரும்பிப் போய் விழுகிறது. 'இதென்ன கதை?' என்பதில் அந்தக் குத்தல் இல்லை.

இது யாழ்ப்பாணப் பேச்சுத்தானே, வன்னிக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்து மக்கள் நெருக்கடியைத் தணிக்க 1936இல் வன்னியின் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோது, வந்தவர்கள் மண்வெட்டியோடு பேச்சையும் கொண்டுவந்தார்கள். ஆனால் 1958இலும், அதைவிடப் பெருமளவில் 1977இலும், தமிழருக்கு எதிரான வன்முறைக்குத் தப்பிய மலையகத் தமிழர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பேச்சு தமிழ்நாட்டு வழக்குக்கு நெருக்கமானது. பிரிந்து வெகுகாலமான இரண்டு வழக்குகள் இங்கே வேலிக்கு வேலி அயலாகின. ஒரே செய்திக்கு ஒரு வீட்டில் 'மெய்யே?', அடுத்த வீட்டில் 'நெசமாவா?'. வன்னிக்கு உரியது தனிச்சொல் அன்று, இந்த அயல்தான். நம்பாதவரை மடக்க 'அம்மாளாணை' என்று அம்மன்மேல் சத்தியம் செய்வதும் வடக்கு முழுவதற்கும் பொதுவான வழக்கமே. ஆனாலும் வற்றாப்பளையில் கண்ணகை அம்மன் குடியிருக்கும் மண்ணில் அதைக் கேட்டபிறகும் 'உதென்ன கதை?' என்பதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும்.