வீட்டு வரி முதல் கால்வாய் வரை: ஈப்போ மாநகர் மன்றத்தில் எதை, எப்போது கேட்பது?

தோட்டத்தில் இருந்தவரை கூரை ஒழுகினாலும் குழாயில் தண்ணீர் நின்றாலும் ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சொன்னால் போதும். செய்வார்களோ இல்லையோ, சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான். தோட்டம் துண்டாடப்பட்டோ விற்கப்பட்டோ ஈப்போவின் மலிவு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அந்த ஒற்றை இடம் இல்லாமல் போனது. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒரு பாரம், ஒரு கடைசி நாள். அந்த நாள் தவறினால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பயனில்லை.

1893இல் சுகாதார வாரியமாகத் தொடங்கிய ஈப்போவின் நகர நிர்வாகம் 1962இல் நகராண்மைக் கழகமானது. 1988 மே 27ஆம் நாள் ஈப்போ மாநகராக அறிவிக்கப்பட்டது. மன்றத்தின் எல்லை ஏறத்தாழ 643 சதுர கிலோமீட்டர். செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், மெங்லெம்பு, லஹாட் எல்லாம் இதற்குள்தான். ஆனால் சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கோப்பெங் கம்பார் மாவட்ட மன்றத்தைச் சேர்ந்தது. புகார்க் கடிதம் எழுதுவதற்கு முன் வீடு எந்த மன்றத்தில் இருக்கிறது என்று வரி பில்லின் தலைப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த பில் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. சுக்காய் தக்சிரான் என்றும் பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து என்றும் சொல்லப்படும் மதிப்பீட்டு வரி அது. முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி கடைசிக்குள்ளும் இரண்டாவது அரையாண்டுக்கு ஆகஸ்டு 31க்குள்ளும் கட்ட வேண்டும். நில அலுவலகத்திற்குக் கட்டும் நிலவரி, அதாவது சுக்காய் தானா, வேறு. அதற்குக் கடைசி நாள் மே 31. ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய.

மதிப்பீட்டு வரியைக் கணக்கிடும் முறை எளிது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுகிறது. அது ஆண்டு மதிப்பு. அதில் இத்தனை விழுக்காடு வரி என்று மன்றம் நிர்ணயிக்கிறது. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 வெள்ளி என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 480 வெள்ளி, அரையாண்டுக்கு 240. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்கக்கூடாது என்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர், 'நான் வாடகைக்கே விடவில்லையே' என்று வாதாடிப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதுதான் கணக்கு.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கவும் செய்யலாம். நீட்டித்துக்கொண்டே போய் ஒருநாள் புதுப்பிக்கும்போதுதான் வரி திடீரென ஏறியது போலத் தெரிகிறது. புதிய மதிப்பு கூடுதல் என்று நினைப்பவர் 142ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பட்டியலை மறுபரிசீலனை செய்யக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக அது மன்றத்திற்குப் போய்ச் சேர வேண்டும். ஆட்சேபித்தவரை அழைத்து விசாரிப்பது மன்றத்தின் கடமை. முடிவில் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றத்திற்குப் போகலாம். பில் வந்த பிறகு முகப்பில் நின்று சத்தம் போடுவது இந்தக் கணக்கில் சேராது. பக்கத்தில் அதே அளவுள்ள இரண்டு மூன்று வீடுகளின் வாடகை விவரத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஆட்சேபத்திற்கு எடை கூடும்.

பின்பக்கம் அடுப்படியை இழுத்துக் கட்டுவது நம் தாமான்களில் சாதாரணம். இதற்கு 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் மன்றத்தின் அனுமதி வேண்டும். கட்டிய பகுதியைச் சேர்த்து வரி ஏறிவிட்டது, ஆகவே மன்றம் ஏற்றுக்கொண்டது என்று நினைப்பது தவறு. வரி போடும் பிரிவு வேறு, கட்டட அனுமதி கொடுக்கும் பிரிவு வேறு.

எல்லாவற்றிலும் சிக்கலானது, இறந்துபோனவர் பெயரில் வந்துகொண்டிருக்கும் பில். அப்பா வாங்கிய வீடு. அப்பா போய்ப் பத்து ஆண்டாகிறது. பிள்ளைகள் நான்கு ஊர்களில். பில் அப்பா பெயரில் வருகிறது, யார் கட்டுவது என்ற பேச்சிலேயே பாக்கி ஏறுகிறது. சட்டத்தின் பார்வையில் அந்தப் பாக்கி அந்த வீட்டின் மேல் நிற்கும் கடன். முதலில் போராங் இ எனப்படும் கோரிக்கை நோட்டீஸ் வரும்; அதற்கு 15 நாள் தவணை. அதையும் தவறவிட்டால் போராங் எஃப் என்ற வாரண்டோடு வந்து வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் வழியும் சட்டத்தில் உண்டு. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் நோட்டீஸ் வந்த உடனேயே மன்றத்தின் வரிப் பிரிவுக்குப் போய்த் தவணை கேட்க வேண்டும். வாரண்டுக்குப் பிறகு கேட்பதைவிட இது பலமடங்கு சுலபம்.

பெயர் மாற்றத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பட்டாவில் பெயர் மாற நில அலுவலகத்தின் சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்கோ வழக்கறிஞரிடமோ போக வேண்டும். வரிப் பதிவேட்டில் பெயர் மாற மன்றத்திற்குப் போக வேண்டும். வீட்டை விற்றவரும் வாங்கியவரும் அதற்குரிய பாரத்தை நிரப்பி மூன்று மாதத்திற்குள் கொடுத்தாக வேண்டும். விற்றவர் கொடுக்காமல் விட்டால் தன்னுடையது இல்லாத வீட்டின் பாக்கிக்கு அவர் பெயரிலேயே கடிதம் வந்துகொண்டிருக்கும். பழைய வீடு வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே வரிப் பாக்கி உண்டா என்று விசாரித்துவிட வேண்டும். வரி ரசீது கையில் இருப்பதால் மட்டும் ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்பதையும் அண்ணன் தம்பிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கோவில் நிர்வாகங்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வழிபாட்டுக்கு மட்டுமே, லாப நோக்கமில்லாமல் பயன்படும் இடங்களுக்கு 134ஆம் பிரிவு வரிவிலக்குக்கு இடமளிக்கிறது. அது தானாக வந்துவிடாது. அரசின் விருப்பத்திற்கு உட்பட்டது, கேட்டுத்தான் பெற வேண்டும். கோவில் நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு விலக்கு எதிர்பார்க்க முடியாது.

வரி கட்டியாயிற்று, இனி எல்லாவற்றையும் மன்றம் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு பொதுவான எண்ணம். குப்பை, தாமான் சாலை, வீட்டோரக் கால்வாய், சந்தை, கடை லைசன்ஸ், நாய் லைசன்ஸ் ஆகியவை மன்றத்தின் வேலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் குழி என்றால் பொதுப்பணித் துறையிடம் சொல்ல வேண்டும். ஆறு கரைபுரண்டால் வடிகால் நீர்ப்பாசனத் துறை, குழாய்த் தண்ணீருக்குப் பேரா தண்ணீர் வாரியம். சில மாநிலங்களில் குப்பை அள்ளுவதைக் கூட்டரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அந்தத் திடக்கழிவுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது பேரா அதில் சேரவில்லை. அதனால்தான் இங்கே குப்பை லோரி வராவிட்டால் கேள்வி மன்றத்திடம் போனது.

இன்னும் தோட்ட லயங்களில் இருப்பவர்களின் நிலை வேறு. தோட்ட எல்லைக்குள் இருக்கும் சாலையும் விளக்கும் தனியார் சொத்து. தொழிலாளர் குடியிருப்பின் தரம் 1990ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீடமைப்பு வசதிகள் சட்டத்தின் கீழ் வருகிறது. முதலாளி செய்யாவிட்டால் புகார் ஆள்பலத் துறைக்குப் போக வேண்டும், மன்றத்திற்கு அல்ல. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய இடங்களில் மேம்பாட்டாளர் சாலையையும் கால்வாயையும் மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்கும்வரை பழுது பார்க்கும் பொறுப்பு அவருடையது. மன்றமும் மேம்பாட்டாளரும் ஒருவரை ஒருவர் கைகாட்டும் தாமான்களில் குடியிருப்போர் சங்கம் முதலில் எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி, ஒப்படைப்பு நடந்ததா, எந்தத் தேதியில் என்பதே.

மன்றத்தில் மேயரான டத்தோ பண்டாரோடு 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். இவர்களை மாநில அரசு நியமிக்கிறது. தவணை அதிகபட்சம் மூன்று ஆண்டு. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களின் பிற்பகுதியில் சீனிவாசகம் சகோதரர்களின் பிபிபி ஈப்போ நகர மன்றத்தைத் தேர்தலில் வென்று கைப்பற்றியது. டி.ஆர். சீனிவாசகம் பெயரில் இன்றும் நகருக்குள் பூங்கா இருக்கிறது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வாக்குப் போடும் வழி இல்லாவிட்டாலும் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழு மன்றக் கூட்டத்தில் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உட்கார்ந்து கேட்கலாம். செயற்குழுக் கூட்டங்களுக்கு இந்த உரிமை பொருந்தாது. முழு மன்றக் கூட்டத் தேதியை ஜாலான் சுல்தான் அப்துல் ஜாலில் சாலையில் உள்ள மன்றத் தலைமையகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூட்டத்தில் பார்வையாளர் பேச முடியாது. தம் வட்டாரத்தைக் கவனிக்கும் உறுப்பினரிடம் எழுத்து மூலம் முன்கூட்டியே கொடுத்தால் அவர் அதை எழுப்பலாம்.