எத்தனை வாட்டில் பாட்டுக் கேட்டோம்?



பெருநாள் நெருங்குகிறது. உடுப்புக் கடைகளுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நிற்பது ஸ்பீக்கர் விற்கிற கடைகளில்தான். போன வருடம் வாங்கியது நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே இந்த வருடத்துப் பெட்டியைத் தவணைக்கு எடுக்கிறோம். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே போகவில்லை, அது உலமாக்களின் வேலை. (கமென்டிலும் வேண்டாம்.) நாம் எழுத வந்தது, நம்மவர்கள் பாட்டுக் கேட்டு வந்த கதையை.

இலங்கையில் வானொலி தொடங்கியதே கழற்றிய சாமானில்தான். தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்து ஒரு ஒலிபரப்பியைக் கட்டினார். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் இருந்து கிராமபோன் இசையைப் போட்டுப் பார்த்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. துறைமுகத்துக்காரர்களான நமக்குக் கப்பலில் கழற்றிய சாமானின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1952இல் இந்தியாவில் ஒரு கூத்து நடந்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். சனம் என்ன செய்தது? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பியது. ஹிந்திக்காரர்களும் திருப்பினார்கள், தமிழ்நாட்டாரும் திருப்பினார்கள். இரைச்சலுக்குள் பாட்டு ஏறி இறங்கித்தான் வந்தது. ஆனாலும் கேட்டார்கள். 1957 ஒக்டோபரில் 'விவித் பாரதி'யைத் தொடங்கித்தான் இந்தியா அந்தக் காதுகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதக் காது, இளம் வயதில், 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே இப்போது விடுகிற இடைவெளி 9,000 ஹேர்ட்ஸ்தான். சாதாரண றேடியோவில் 5,000க்கு மேற்பட்ட ஒலி ஏறக்குறைய வராது. அதாவது பாட்டின் மேல் பகுதி முழுவதும் வெட்டுப்பட்ட பிறகுதான் நம் வாப்பாமார் அதைக் கேட்டார்கள். நாகூர் ஹனீபாவின் கம்பீரத்தை அந்த வெட்டு குறைத்ததா? அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நினைவிருக்கும். அதற்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. ஒரு எழுத்தைக் கொடுத்தால் பாட்டு வாயில் வர வேண்டும். பாட்டு ஆளுக்குள் இருந்தது.

(ஒரு இடைச் செருகல்: நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிற்கிற கோபுரங்கள், ஜேர்மனியின் 'டொய்ச்ச வெல்ல' 1980களில் ஆசியாவுக்கு ஒலிபரப்பக் கட்டியவை. பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. நீர்மூழ்கியில் தொடங்கிய ஜேர்மன் தொடர்பு நம் மாவட்டத்தில்தான் வந்து நின்றது.)

1977க்குப் பிறகு கதை மாறுகிறது. இறக்குமதிக் கதவு திறந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் 'டூ இன் வன்' வந்து இறங்கிய வீட்டைத் தெருவே பார்க்கப் போகும். அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டோம். விரும்பிய பாட்டை விரும்பிய நேரம் கேட்பது பெரிய காரியம். ஆனால் அந்தக் காலத்தில்தான் பெட்டியின் முகத்தில் ஒரு ஸ்டிக்கரும் வந்தது: பி.எம்.பி.ஓ. 1000 வாட்.

அந்த எண்ணுக்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. கம்பனி எப்படியும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பழைய செட் இருந்தால் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அது எடுக்கிற மின்சாரம் அங்கே இருக்கும், பெரும்பாலும் சில பத்து வாட். 30 வாட் உள்ளே போகிற பெட்டியில் இருந்து 1000 வாட் நின்று வெளியே வருமென்றால் மின்சார சபை அதையல்லவா முதலில் வாங்கியிருக்கும்! அந்த ஸ்டிக்கரைப் பார்த்து, பாடிக்கொண்டிருந்த செட்டுக்கு வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர்.

இப்போது வாட் போய் 'ஹை ரெஸ்' வந்திருக்கிறது. சீடியை விடப் பல மடங்கு நுணுக்கமாம். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த சோதனையின் முடிவு ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. உயர்தரப் பதிவையும், அதையே சீடி தரத்துக்கு இறக்கியதையும், எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். நல்ல ஸ்பீக்கருக்கும் கிழிந்த ஸ்பீக்கருக்கும் வித்தியாசமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் ஓரளவு நல்லது ஒன்று கைக்கு வந்த பிறகு கொடுக்கிற காசில் பெரும் பகுதி காதுக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டாரின் கண்ணுக்குப் போகிறது.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சனம் சைக்கிளை நிறுத்தி மிதியைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மிதிப்பது நின்றால் பாட்டும் நிற்கும். அப்படிக் கேட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பாட்டு என்று இன்றைக்கும் சொல்வார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது நம் வீடுகளிலும் பெரிய பெட்டிகளெல்லாம் ஊமையாக நின்றன. போனில் இருந்த சின்ன ஸ்பீக்கர்தான் பாடியது.

நம் பக்கத்துப் பாட்டுக்குப் பெட்டியே வேண்டியிருந்ததில்லை. நோன்பு இரவில் சஹருக்கு எழுப்ப றபானோடு பைத் பாடி வந்த பக்கீர் பாவாமார், வயலிலும் வீட்டிலும் மூத்தம்மாமார் கட்டிய கவி, தாலாட்டு எல்லாம் வாயில் இருந்து காதுக்குப் போனவை. கவி தெரிந்த மூத்தம்மாமார் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பீக்கருக்குத் தவணை கட்டுகிற நம் வீடுகளில் அந்தக் குரல்களில் எத்தனை பதிவாகி இருக்கின்றன? சட்டைப் பையில் இருக்கிற போன் அதற்குத் தாராளமாகப் போதும். அவரின் சம்மதத்தைக் கேட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, போனை ஒரு முழத் தூரத்தில் வைத்தால் சரி.

இன்னொன்று. சவூதியில் இருந்தவர்களுக்குக் கசட்டில் குரல் பதிந்து கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட கசட், கலியாண வீட்டுக் கசட், பைத் கசட் ஏதும் அலுமாரியில் கிடந்தால் குப்பையில் போட வேண்டாம். பல வருடம் கிடந்த நாடா ஒட்டியிருக்கும். உடனே பாட விடாமல், முதலில் கடைசி வரை ஓட விட்டுத் திரும்பச் சுற்றி எடுங்கள். கசட் பிளேயர் இல்லாதவர்கள் நம்மிடம் கொண்டுவரலாம். வேலை செய்கிற பழைய செட் ஒன்று இருக்கிறது, பதிந்து உங்கள் போனிலேயே போட்டுத் தருகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாருங்கள்.