சந்திரகாந்தாவும் அதன் வாசகர்களும்

ஒரு கதையைப் படிப்பதற்காகவே புதிதாக ஓர் எழுத்தைக் கற்றவர்கள் உண்டென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். வட இந்தியாவில் அவ்வாறு நிகழ்ந்தது. தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' என்னும் இந்தி நாவல் 1888-இல் வெளிவரலாயிற்று. கத்ரி காசிக்கு அருகே காட்டுக் குத்தகை எடுத்தவர். அங்கே அவர் கண்ட பாழடைந்த கோட்டைகளே கதைக்குக் களமாயின. வேடம் மாறி ஒற்றறியும் ஐயார்கள், புகுந்தவர் எளிதில் மீளவியலாத திலிசம் என்னும் மாயக் கட்டடங்கள் ஆகிய இவை உருது தாஸ்தான் கதைகளில் பழகியவையே. கத்ரியோ மந்திரத்தைக் குறைத்து, பொறிகளையும் சூழ்ச்சியையும் மிகுதியாக வைத்தார்.

அக்காலத்தில் அம்மாகாணத்துக் கச்சேரிகளில் வழங்கிய மொழி உருது. நாகரி எழுத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1900-இல்தான். ஆகவே உத்தியோகத்தை நாடி உருது பயின்றவருக்கு நாகரியால் ஊதியம் ஏதுமில்லை. ஆயினும், படித்தவர் சொல்லக் கேட்டு ஆவல் மிகுந்தவர்கள் அதைக் கற்றனர் போலும்!

இதைப் பதிவு செய்தவர் கத்ரியின் அன்பர் அல்லர். 1929-இல் இந்தி இலக்கிய வரலாறு எழுதிய ராமசந்திர சுக்லர் இந்நாவல்களை இலக்கியமென ஏற்கவில்லை. இருந்தும், இத்தனை வாசகரை வேறெவரும் உண்டாக்கவில்லை என ஒப்புக்கொண்டார். அவர்களுட் சிலர் பின்னர் எழுதவும் தொடங்கினர் என்றார். இந்த நேர்மை பாராட்டுக்குரியது.

'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகங்களாக நீண்டது. அடுத்த தொடரான 'பூதநாத்' முடியுமுன்னரே 1913-இல் கத்ரி காலமானார். எஞ்சிய பாகங்களை அவர் மகன் துர்காபிரசாத் எழுதி முடித்தார்.