'ஆலும்' என்னும் ஓர் ஒட்டு: நிறத்திற்குக் காரணம் தேடிய கதை

'பெண் கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்.' தென்காசி வட்டாரத்தில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் எந்த உறவினர் கூட்டத்திலும் இவ்வாக்கியத்தைக் கேட்கலாம். சொல்பவர் பாராட்டாகவே சொல்கிறார். கேட்பவரும் பாராட்டாகவே கொள்கிறார். ஆனால் அந்த 'ஆலும்' சும்மா வந்து உட்கார்ந்ததன்று. கறுப்பு ஒரு குறை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அதற்கு மன்னிப்பு வழங்குகிறது அது. 'கறுப்பாகவும் களையாகவும் இருக்கிறாள்' என்று நாம் சொல்வதில்லை. ஓர் 'உம்' இருக்க வேண்டிய இடத்தில் ஓர் 'ஆலும்' எப்படி வந்து சேர்ந்தது?

மனிதத் தோலின் நிறம் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்குச் சமயங்களும் விடை சொல்லியிருக்கின்றன, அறிவியலும் விடை சொல்லியிருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். காரணம் கேட்பது ஒன்று. தரம் பிரிப்பது வேறொன்று. இவ்விரண்டும் ஒட்டிக்கொண்ட இடங்களிலெல்லாம்தான் அந்த 'ஆலும்' முளைத்திருக்கிறது.

முதலில் நம் பழைய இலக்கியத்தைப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகுக்குப் பெயர் மாமை. உரைகாரர்கள் இதை மாந்தளிரின் நிறத்தோடு சேர்த்து விளக்குவர். தலைவன் பிரிந்தபோது அந்த மாமை போய்விடுகிறது. மேனி வெளிறிப் பசலை படர்கிறது. அதாவது, வெளிறுதல் நோயின் அறிகுறி. நிறம் செறிந்திருத்தலே நலம். இதைக் கொண்டு சங்க காலத்தைக் கறுப்பின் பொற்காலம் என்று கொண்டாடிவிட வேண்டியதில்லை. பொன்னோடு மேனியை ஒப்பிடும் இடங்களும் அங்கே உண்டு. ஆயினும் கருமைக்காக மன்னிப்புக் கேட்கும் தொனி அவ்வுலகில் இல்லை என்று துணிந்து சொல்லலாம். இன்றைய மணமகள் தேவை விளம்பரங்களில் வரும் 'மாநிறம்' என்ற சொல்லில் அந்தப் பழைய 'மா' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகின் பெயராக இருந்தது, சமாதானத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது.

தெய்வங்களுக்கும் நிறமே பெயராயிற்று. கரியவன் மாயோன், செய்யவன் சேயோன், வெள்ளையன் வாலியோன். இவர்களுள் நிறத்தால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பிரிவில்லை. குற்றாலத் தலபுராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருமால் கோயிலாக இருந்த தலத்தில் அகத்தியர் வைணவ வேடத்தில் நுழைந்து, நின்ற திருமேனியைக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார் என்பது அக்கதை. சமயப் பூசலின் தடயம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் கதையின் உள்ளே ஒரு குறிப்பு உண்டு: கார்வண்ணனும் செம்மேனியனும் ஒரே கல்லில் இருக்க முடியும் என்று அதைச் சொன்னவர்கள் நம்பினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று தாம் குறிப்பிடும் இந்நாட்டைப் பற்றி எழுதியதில் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. இங்குள்ளோர் கறுப்பையே மேலாக மதிக்கிறார்கள். குழந்தைகளுக்கு வாரந்தோறும் நல்லெண்ணெய் பூசி மேலும் கறுப்பாக்குகிறார்கள். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் வரைகிறார்கள் என்கிறார் அவர். வாராந்தர எண்ணெய்க் குளியலையும், எண்ணெய்க் காப்பேறிய கருங்கல் மூலவர்களையும் கண்ட ஓர் அயலார் தமக்குப் பழகிய வழியில் விளங்கிக்கொண்டிருக்கலாம். மிகைப்படுத்தலைக் கழித்துவிட்டாலும், கறுப்பைத் தாழ்வாகக் கருதாத ஒரு சமூகத்தை அவர் கண்டு வியந்தார் என்பது மிஞ்சும்.

இனிக் காரணம் தேடியவர்களிடம் வருவோம். அலெக்சாந்தரோடு இந்தியா வந்த ஒனெசிகிரிட்டஸ், கறுப்புக்குக் காரணம் வெயில் அன்று, நீரே என்றார். கருவிலிருக்கும் குழவியை வெயில் தொடுவதில்லையே, அது எப்படி நிறத்தோடு பிறக்கிறது என்பது அவர் எழுப்பிய தடை. பின்னாளில் இதைப் பதிவு செய்த ஸ்திராபோ, கருவில் உள்ளது பெற்றோரின் வித்தால் அவர்களைப் போலாகிறது என்று விடை தந்தார். வெயில் என்னும் புறக்காரணமும் வித்து என்னும் அகக்காரணமும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிரெதிராக நின்றுவிட்டன. இன்றைய அறிவியல் இவ்விரண்டையும் எப்படி இணைத்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

நம் மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை, சாரீரஸ்தானத்தில், நிறத்தைப் பூதங்களின் கலப்பால் விளக்குகிறது. நிறம் எல்லாவற்றுக்கும் மூலம் தேயு. அதனோடு நீர் மிகுந்தால் வெண்மை. மண் மிகுந்தால் கருமை. வானமும் சேர்ந்தால் இடைப்பட்ட நிறங்கள். இவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனாலும் இதில் சாதியோ பாவமோ சாபமோ இல்லை. வெறும் பொருட்கலப்பே பேசப்படுகிறது. கருவுற்ற தாய் உண்ணும் உணவின் நிறமே குழந்தைக்கு வரும் என்று சிலர் கருதுவதையும் அந்நூல் குறித்து வைத்திருக்கிறது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கும் இன்றைய வழக்கம் இப்படிப்பட்ட எண்ணத்தின் உறவினர் என்று கொள்வதில் தவறில்லை. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை.

வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்பது பொருள். இதனால் வந்த சிக்கலை மகாபாரதமே எழுப்பிவிட்டது. சாந்தி பருவத்தில் பிருகு முனிவர் நான்கு வருணங்களுக்கு வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என்று நிறம் கூறுகிறார். கேட்டுக்கொண்டிருந்த பரத்வாசர் விடவில்லை. நிறத்தால் வருணம் பிரியுமானால் எல்லா வருணத்திலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கின்றனவே. காமமும் சினமும் அச்சமும் பசியும் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, பிரிப்பது எதனால் என்று மடக்குகிறார். தொடக்கத்தில் வேறுபாடே இல்லை, செயலால் வந்தது என்று பிருகு வேறு வழியில் போக வேண்டியதாகிறது. நிறத்தைத் தரமாக்கும் கொள்கையும் அதன் மறுப்பும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாட்டில் நிலைத்தது எது, மறக்கப்பட்டது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேற்குலகில் இதே வேலையைச் செய்தது நோவாவின் கதை. ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா சபிப்பது காமின் மகன் கானானை. அங்கே அடிமைத்தனம் பேசப்படுகிறது. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காமின் வழியினர் கறுத்தது சாபத்தால் என்பது பிற்கால ஒட்டு. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கியோருக்கு அந்த ஒட்டு மிகவும் பயன்பட்டது. 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் இக்கதையை மறுத்தார். தோராவில் நிறம் பற்றிய பேச்சே இல்லை. நிறம் தட்பவெப்பத்தால் வருவது என்றார். மனிதரின் மொழி வேறுபாட்டையும் நிற வேறுபாட்டையும் இறைவனின் சான்றுகளாகச் சொல்கிறது குர்ஆனின் அர்-ரூம் அத்தியாயம் (30:22). சாபமாக அன்று, சான்றாக.

விவிலியத்தின் உன்னதப்பாட்டில் நம் 'ஆலும்' நேராகவே காட்சி தருகிறது. வெயிலில் உழைத்துக் கறுத்த பெண்ணொருத்தி தன் நிறத்தையும் அழகையும் எருசலேம் மகளிரிடம் ஒரே மூச்சில் கூறுகிறாள். எபிரேய மூலத்தில் இவ்விரண்டையும் இணைக்கும் இடைச்சொல் 'உம்' என்றும் பொருள்படும், 'ஆனால்' என்றும் பொருள்படும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை 'உம்' என்று கொண்டது. இலத்தீனில் ஜெரோம் 'ஆனால்' என்று கொண்டார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் 'இருந்தாலும்' என்றே வந்தது. ஒரு பெண்ணின் பெருமிதம் ஓர் இடைச்சொல்லில் மன்னிப்பாக மாறிவிட்டது. இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரம் பிரிக்கும் வேலை சமயத்தின் கையிலிருந்து அறிவியலின் கைக்கு மாறியது. நெல்லைச் சீமையிலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் மொழிக்குடும்பம் பற்றிய நூல். ஆயினும் திராவிடரின் உடலமைப்பு எவ்வகைப்பட்டது என்ற ஆராய்ச்சியையும் அவர் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. ஏனெனில், மொழி ஒன்றானால் இனமும் ஒன்றா, உடலும் ஒன்றா என்று கேட்பது அக்காலத்து அறிவுலகின் பழக்கம். அடுத்த தலைமுறையில் கருவிகள் வந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து சாதிகளை விவரித்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அளவுக்கும் சமூகப் படிநிலைக்கும் உறவுண்டு என்றார். சாபம் என்ற சொல் மறைந்து இனம் என்ற சொல் வந்தது. ஏணி மட்டும் அப்படியே நின்றது. மொழிக்குடும்பத்தின் பெயராகிய ஆரியம், திராவிடம் ஆகியவற்றைத் தோலின் மீது எழுதிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் வலுத்தது. இன்றும் அது நம்மை விட்டுப் போகவில்லை.

இன்றைய அறிவியல் சொல்வது என்ன? தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதில் கரும்பழுப்பு வகை ஒன்று, செம்மஞ்சள் வகை ஒன்று. மெலனினை ஆக்கும் உயிரணுக்கள் எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும் பரவலுமே வேறுபடுகின்றன. நீனா ஜப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தோல் நிறத்தைப் புறஊதாக் கதிரோடு இணைத்தது. கதிர் மிகுந்த இடத்தில் கருமை உடலின் ஃபோலேட் சத்தைக் காக்கிறது. கருவின் வளர்ச்சிக்கு ஃபோலேட் இன்றியமையாதது. கதிர் குறைந்த வடபுலங்களில் அதே கருமை வைட்டமின் டி உருவாவதைத் தடுக்கும். ஆகவே அங்கே வெளிறிய தோல் நிலைபெற்றது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது பாகையில் இருக்கும் தென்காசியில் கறுத்த தோல் என்பது முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற குடை. ஒனெசிகிரிட்டஸின் தடைக்கும் விடை கிடைத்துவிட்டது: வெயில் ஒருவரின் வாழ்நாளில் செய்ததன்று இது, ஆயிரமாயிரம் தலைமுறைகளில், வித்தின் வழியாக, இயற்கைத் தேர்வு செய்தது.

அப்படியானால் ஒரே ஊரில், ஒரே வீட்டில் அக்காள் கறுப்பும் தங்கை சிவப்புமாக இருப்பது எப்படி? நிறம் ஒற்றை மரபணுவின் செயலன்று. பல மரபணுக்கள் அதில் பங்கேற்கின்றன. பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு கலவை வாய்க்கிறது. அவற்றுள் ஒன்று எஸ்எல்சி24ஏ5. இதன் பங்கு 2005இல் வரிக்குதிரை மீனில் நடந்த ஆய்வின் வழியே வெளிப்பட்டது. தென்னிந்தியாவில் 1,228 பேரின் தோல் நிறத்தை அளந்து, இம்மரபணுவின் ஓர் எழுத்து மாற்றம் அவர்களிடையே காணும் நிற வேறுபாட்டில் சுமார் 27 விழுக்காட்டை விளக்குகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் 54 மக்கட்குழுக்களில் தேடியபோது அம்மாற்றம் பரவலாக, ஆனால் வெவ்வேறு விகிதத்தில், காணப்பட்டது. ஐரோப்பியரிடம் உள்ளதும் நம்மிடம் உள்ளதும் ஒரே மூலத்தின் கிளைகள். அம்மூலத்தின் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள். எந்த வேதத்துக்கும் எந்தச் சாதிக்கும் முந்தியது அது. பரத்வாசர் கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சான்று என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் சான்று வந்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, எதிர்ப்புகளின் விளைவாக 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. குழாயின் மேலிருந்த சொல் போயிற்று. வாங்கும் கையின் ஏக்கம் போகவில்லை. புறஊதாக் கதிரையும் மரபணுவையும் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண் பெறும் மாணவி, அதே மாலையில் தன் புகைப்படத்தை வெளுப்பாக்கித்தான் தரகருக்கு அனுப்புகிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவளை மதிப்பிடப் போகிறவர்கள் மெலனின் பாடத்தைப் படித்தவர்களாயினும், அதை அவ்விடத்தில் நினைவுகூரப் போவதில்லை என்பதை அவள் அறிவாள்.

அறிவியல் 'ஏன்' என்பதற்கு விடை தரும். 'எவ்வளவு மதிப்பு' என்பதற்கு விடை தருவது அதன் வேலையன்று. அவ்விடையைத் தர முயன்றபோதெல்லாம் அறிவியலும் ரிஸ்லியின் அளவுகோலாகச் சீரழிந்தது. சமயமும் அவ்வாறே: மூல நூலில் இல்லாத நிறத்தைச் சாபத்தில் பூசிய கைகள் உரைகாரர்களுடையவை. மதிப்பு என்பது மனிதர் பேசும் மொழிக்குள் இருக்கிறது. ஆகவே அதைத் திருத்தும் பொறுப்பும் மொழியைப் பயில்வோருக்கு உண்டு. பெரிய சீர்திருத்தம் ஏதும் வேண்டாம். அடுத்த முறை பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் யாராவது 'கறுப்பாக இருந்தாலும்' என்று தொடங்கினால், 'கறுப்பாகவும்' என்று எடுத்துக்கொடுத்தால் போதும். மீதி வாக்கியம் தானே நேராகிவிடும்.