தேசவழமையும் குடிமனைக் காணியும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் கிராமமொன்றிற் காணி வாங்கி வீடு கட்டுதல் என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் மாத்திரம் நிகழும் காரியமன்று. பணங் கொடுத்தவன் பொருளுக்கு உரியவனாகின்றான் என்பது சந்தையின் நியதி. யாழ்ப்பாணத்திலோ பங்குக் காணியொன்று கைமாறுவதற்கு முன்னர் வேறு சிலருக்கு அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். அவர்கள் யாவர், அவ்வுரிமையால் நன்மை அடைந்தோர் யாவர், புறத்தே நின்றோர் யாவர் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுவன.

ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி கோர்னேலிஸ் யோவான் சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் சமர்ப்பித்தார். தமிழிற் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பினை 12 முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை எனப்படுவது இதுவே. வழக்கங்களைச் சரிபார்த்தோர் சமூகத்தின் மேனிலையிலிருந்தோர் என்பது மனங்கொள்ளற்பாலது.

காணி விற்பனை பற்றி அத்தொகுப்புக் கூறுவது சுவையானது. விற்க விரும்புபவர் தம் உரித்தாளிகளுக்கும், பங்காளிகளுக்கும், அயற்காணிக்காரருள் அக்காணியை ஈடாகப் பிடித்திருப்போருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வேண்டாமென விட்டபின்னரே பிறருக்கு விற்கலாம். கொமாண்டராயிருந்த புளோம் என்பவரின் கட்டளைக்குப் பின்னர், விற்கும் எண்ணம் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர்க்குரிய தேவாலயத்திற் பிரசித்தப்படுத்தப்படலாயிற்று. வீட்டிற் சைவராயும் தோம்பிற் கிறிஸ்தவராயும் பலர் வாழ்ந்த காலம் அது. பிரசங்கத்துக்காக இல்லாவிடினும் காணிச் செய்திக்காகவேனும் சிலர் தேவாலயம் சென்றிருத்தல் கூடும்!

இவ்வுரிமையே பிற்காலத்தில் முன்வாங்கல் உரிமை எனப்பட்டது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஈடு பிடித்த அயலவரை நீக்கி, பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் மட்டுமென அதனை வரையறுத்தது. அறிவித்தல் கொடாது விற்கப்பட்ட காணியை அவர்கள் வழக்கிட்டு மீட்கலாம்.

இத்தகைய வழக்கம் ஏன் தோன்றிற்று என்பதற்குக் காணியின் அமைப்பிலேயே விடை உண்டு. முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் பிரிந்த நிலம், ஏக்கரில் அன்றிப் பரப்பிலும் குழியிலும் பேசப்படும் நிலம் அது. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். இரண்டு பரப்புக்கு நான்கு உரித்தாளிகள் இருத்தல் சாதாரணம். எல்லை பிரியாத பங்குகளும் மிகப் பல. எங்கள் வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய உறுதியொன்றை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். நான்கு எல்லைகளும் அயலவர் பெயர்களாற் குறிக்கப்பட்டு, இறுதியில், கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காலும் தனித்து எழுதப்பட்டிருந்தன. ஆறுகளற்ற குடாநாட்டிற் கிணறில்லாத காணியில் வீடும் இல்லை, தோட்டமும் இல்லை. எனவே பங்கொன்றை வாங்குபவன் நிலத்தை மட்டும் வாங்குவதில்லை. பங்காளியின் கிணற்றடிக்கும் வந்து சேர்கின்றான். அவன் யார் என்ற வினா இங்கேதான் எழுகின்றது. விற்பனை பற்றிய விதியிற் சாதி என்ற சொல் வரவில்லை; வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. உறவினருக்கே முதலுரிமை என்றவிடத்து, அது சாதிக்குள்ளேயே முதலுரிமை என்றாகிவிடுகின்றது. சிதறும் குடும்பச் சொத்தைக் காப்பதற்கு ஏற்பட்ட வழக்கமென்று இதனைப் போற்றுவோர் உளர். அது பொய்யன்று, ஆயின் பாதி உண்மையே என்பது என் கருத்து.

மறுபாதியைக் காண்பதற்கு முதுசம் எதுவுமற்றோரை நோக்குதல் வேண்டும். அடிமைகளைப் பற்றித் தேசவழமை விரிவாகவே பேசுகின்றது. 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபொழுது விடுதலை கிடைத்தது; நிலம் கிடைக்கவில்லை. விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களுட் பலர் பிறர் வளவுகளிலேயே குடியிருந்தனர். பிறன் காணியில் இருப்பவன் கல்வீடு கட்டான். எழும்பென்றால் எழும்பவேண்டியவனுக்கு மண்சுவரும் பனையோலையுமே பொருத்தமானவை. அவ்வீடுகளின் எளிமையை வறுமையின் விளைவென்று மட்டும் கொள்வது தவறு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாச் சம்பளமும் ஓய்வூதியமும் ஊருக்கு வந்தன. நாற்சார் வீடுகள் எழுந்தன. பெண்மக்களின் சீதனத்துக்கெனக் காணிகள் தேடப்பட்டன. அப்பணம் பெரும்பாலும் நிலமுள்ளோரிடையேதான் சுழன்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வன்னியிற் குடியேறியோர்க்கு நிலை வேறு. அங்கே நிலம் அனுமதிப்பத்திரத்தால் வந்தது. கேட்பதற்குப் பங்காளி எவருமில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிற் சாதித் தடையைக் குற்றமாக்கிற்று. உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கோ பொதுவிடமன்று.

போரின் பின் இவ்வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தோருட் பலர், காணிகள் விடுவிக்கப்பட்டபொழுது திரும்பிச் சென்றனர். முன்னர் பிறர் காணியிற் குடியிருந்தோர்க்குத் திரும்புவதற்கு இடமில்லை. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கியது. அதனைக் கொண்டு வீடு கட்டுவதற்குக் காணி வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மூரில் இரண்டு பரப்புக் காணி விலைக்கு வந்தது. அதில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்த குடும்பமே அதனை வாங்க முன்வந்தது. மேசன் வேலை செய்து சேர்த்த பணமும் கையில் இருந்தது. நொத்தாரிசு முறைப்படி பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்த பங்காளி ஒருவர் அதே விலைக்குத் தாமே எடுத்துக்கொண்டார். சட்டப்படி பிழை எதுவும் நிகழவில்லை. அக்குடும்பம் இப்பொழுது வேறொருவர் வளவில் இருக்கின்றது. வாங்கியவர் அங்கு இன்னும் வீடு கட்டவில்லை. கிணற்றைச் சுற்றி மதில் மட்டும் எழுப்பியிருக்கிறார்.