வற்றல் கணக்கு

சித்திரை மாதத்தில் கொத்தவரங்காய்க்கு மரியாதை கிடையாது. வெயில் ஏறிய பிறகு சந்தைக்குப் போனால் போதும், "மொத்தமா எடுத்துக்கம்மா, பாத்துக் குடு" என்று கூறு கட்டியதை அப்படியே பையில் கவிழ்த்துவிடுவார்கள். அதே காய் ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வராமல் இருந்து, பிறகு நனைந்து நாறி வந்து இறங்கும்போது விலையைக் கேட்கவே தயக்கமாக இருக்கும். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எங்கள் வீட்டு வற்றல் ஜாடிகள் நின்றன.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வற்றலைப் பற்றிப் பேசுகிறவர்கள் மணத்தைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டியின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அது முதலில் வரவு செலவாகத்தான் தெரிகிறது. என் அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மலிவாக இருக்கும்போது வாங்கி, பக்குவம் செய்து, கிராக்கி காலத்தில் செலவழிக்கும் வித்தையை எந்தப் பண்டகசாலைக்காரனும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். காவிரிப் படுகையின் பஞ்சாங்கத்தைப் புரிந்துகொண்டால்தான் வற்றல் ஏன் பங்குனி சித்திரையில் விழுந்தது என்பது புரியும். 1934-ல் மேட்டூர் அணை திறந்த பிறகு, ஜூன் 12-ல் தண்ணீர் விடுவதும் ஜனவரி 28-ல் நிறுத்துவதும் வழக்கமாயிற்று. அதற்கு முன்பும் கோடையில் ஆறு மணலாகத்தான் கிடந்தது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தோடு ஈரமாக உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் வீட்டுக்கு வந்து, பிறகு உளுந்தும் வந்து சேரும்போது பங்குனி. மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் அந்த நேரத்தில்தான் காய்ந்து சந்தைக்கு வரும். புது உளுந்து, புதுப் புளி, புது மிளகாய், வயலில் வேலை இல்லாத கைகள், காசு கேட்காத வெயில் எல்லாம் ஒரே நேரத்தில் கூடும். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் இப்படிக் கூடாது.

அடுத்த பக்கத்தில் மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கடலோரத்தை ஒட்டிய எங்கள் பக்கம் அதற்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் இருக்கும் செடி அழுகும், பாதை முங்கும், வண்டி வராது. சித்திரையில் காய வைத்தது இந்த இரண்டு மாதத்துக்காகத்தான். மீதி நாளில் தொட்டுக்கொள்ளப் பொரித்ததெல்லாம் உபரி.

கொல்லை என்றால் தோட்டம் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். கிணற்றடியிலிருந்து வழியும் தண்ணீர் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. வாய்க்கால் வறண்டிருப்பதால் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஆகவே கோடையில் தண்ணீர் குறைவாகக் கேட்கிற கொத்தவரை, வெண்டை, பாகல், கீரை என்றுதான் போடுவார்கள். கத்தரி ஏற்கெனவே நிற்கும், பூச்சியோடு. வேலியோரத்துச் சுண்டைக்காயை யாரும் நடவில்லை. மணத்தக்காளியைக் குருவி விதைத்தது. வேப்ப மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் ஒரு ராத்திரியில் வருஷத்து ரசத்துக்கான பூ விழுந்திருக்கும்.

கொள்ளிடத்தில் இன்னொரு வகைத் தோட்டம் உண்டு. நிலமில்லாதவர்கள் தண்ணீர் வடிந்த ஆற்று மணலில் ஈரம் தட்டும்வரை குழி தோண்டுவார்கள். அதில் தொழு உரத்தைப் போட்டு வெள்ளரி விதை ஊன்றுவார்கள். பங்குனியில் பிஞ்சு. ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் கொடியைச் சுருட்டிவிட வேண்டும். தாமதித்தால் வருஷத்து உழைப்பு வங்காள விரிகுடாவுக்கு. பட்டா இல்லாத, வாய்தா மட்டுமே உள்ள விவசாயம் அது. எங்கள் வீட்டுக்கு வெள்ளரி அங்கிருந்துதான் வந்தது, நெல்லுக்கு மாற்றாக.

இனி உப்பு. சுண்டைக்காயைத் தட்டி, புளித்த மோரில் கல்லுப்பு கரைத்து ஊற வைத்து, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலுமாக, மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும்வரை மாற்றி மாற்றிப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. நாலு படி காய் ஒரு படிக்குள் ஒடுங்கிவிடும். கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வைக்க வேண்டும். மாங்காய், நாரத்தை, மோர் மிளகாய், புளி எல்லாவற்றுக்கும் உப்பு. ஒரு வருஷத்தின் மற்ற மாதங்களில் கிள்ளிப் போடும் பொருள், இந்த மாதத்தில் மட்டும் படிக்கணக்கில் போகும்.

அந்த உப்புக்கு வெள்ளைக்காரன் ஆட்சியில் வரி. 1924 முதல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டரை. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. கடற்கரையில் படிந்து கிடக்கும் உப்பை வீட்டுக்கு அள்ளுவதும் குற்றம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கக் கிளம்பிய ஏப்ரல் 13 தமிழ் வருஷப் பிறப்பு. உப்பு அள்ளியது ஏப்ரல் 30. அதாவது சித்திரை நடுவில், வற்றல் போடும் வீடுகளில் உப்புப் பானை காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில். தண்டி யாத்திரையை ஒட்டி அமைந்த தேதிகள்தான், வற்றலைக் கணக்கில் வைத்து ராஜாஜி நாள் குறித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வேறு எந்த மாதத்தில் நடந்திருந்தாலும் அடுப்படிக்கு அது இவ்வளவு சட்டென்று எட்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகத்தான் அந்த நடை போனது. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்பதாக மிரட்டினார். மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதாக இன்றும் எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். அப்பாயி அப்போது கல்யாணமாகி வந்த புதிது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், "என்னாடி இருக்கும்? புளிச்சோறும் வடகமும்தான். கெடாதுல்ல" என்பாள். பார்த்துச் சொன்னாளா, தானே கட்டி வைத்தாளா என்று அவளிடமிருந்து வாங்க முடிந்ததில்லை. அடுத்த மார்ச்சில் வந்த காந்தி இர்வின் ஒப்பந்தம், உப்பு விளையும் இடத்துக் கிராமங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ள வழிவிட்டது. வரி முழுதாகப் போனது 1947-ல்.

வற்றல் வடகத்தையெல்லாம் தொன்றுதொட்டு வந்த பழக்கம் என்று சொல்பவர்களோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. வெயிலில் காய வைத்துச் சேமிப்பது பழசுதான். சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில், காயும் மீனுக்குப் பெண்கள் பறவை ஓட்டுகிறார்கள். ஆனால் ஜாடிக்குள் இருப்பவை? மிளகாய் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது, பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் மோர் மிளகாய் என்ற ஒன்று இருந்திருக்க வழியில்லை. உருளைக்கிழங்கை நீலகிரியில் பயிராக்கியது 1820-களில் கலெக்டர் சல்லிவன். ஜவ்வரிசியோ அதற்கும் இளையது. அது கிழக்கே மலாய்ப் பக்கத்திலிருந்து இறக்குமதியாகி வந்துகொண்டிருந்தது. போரில் கப்பல் நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் 1943-ல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு சேலமும் ஆத்தூரும் அந்தத் தொழிலாலேயே பேர் வாங்கின. 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமாக சேகோசர்வ் வந்தது.

போர்க்கால அரிசித் தட்டுப்பாடுதான் எங்கள் வீட்டு வடகத்தின் சேர்மானத்தையும் மாற்றியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. நெல் விளைகிற எங்கள் ஊரிலிருந்து நெல்லைக் கொள்முதல் என்று அளந்துகொண்டு போனார்கள். அரிசிக் கூழைக் காய்ச்சி வேட்டியில் ஊற்றுவது ஆடம்பரமாகப் பட்டது. கேழ்வரகுக் கூழில் வடகம் போட்டார்களாம். கறுத்து, முரட்டுத்தனமாக இருக்குமாம். சண்டை முடிந்து ஜவ்வரிசி மலிந்தபோது கண்ணாடி மாதிரி வெள்ளை வடகம் வந்தது. அப்பாயி சாகும்வரை அதை "சேலத்துச் சரக்கு" என்றுதான் சொன்னாள். எனக்கோ அதுதான் பாட்டி காலத்து வடகம்.

இந்தச் சேமிப்பு எல்லார் வீட்டிலும் நடந்ததாக எழுதினால் அது பொய்க்கணக்கு. வெயில் எல்லாருக்கும் இலவசம்; மோரும் எண்ணெயும் அப்படியல்ல. பொரிக்க எண்ணெய் இல்லாத வீட்டில் வடகம் எதற்கு? எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது அறுவடையோடு சரி. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்கள் அவர்களுக்கு வேலையில்லாத மாதங்கள், கடன் வாங்குகிற மாதங்கள். அவர்கள் சேமித்தது நாகப்பட்டினத்திலிருந்து வந்த கருவாடு, வேலியோரத்துச் சுண்டைக்காய், குளம் வற்றும்போது பிடித்துக் காய வைத்த பொடிமீன். எங்கள் வீட்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளவும் புளிக்குக் கொட்டை எடுக்கவும் அந்தப் பெண்கள்தான் வந்தார்கள். கூலியாகப் புளியங்கொட்டையும் கொஞ்சம் புளியும். அப்பாயியின் சிக்கனத்தில் அவர்கள் கையும் இருந்தது, அவள் கணக்கில் அது ஏறவில்லை.

1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் எனக்கு நினைவிருக்கிறது. ஐப்பசிக் கடைசி. தென்னையும் வாழையும் சாய்ந்து, கொல்லையில் முழங்கால் தண்ணீர். கடைத்தெருவில் காய் என்று ஒன்று இல்லை. வற்றல் குழம்பு, மறுநாள் பருப்புத் துவையலும் சுட்ட வடகமும், அதற்கு மறுநாள் மாவற்றல் போட்ட குழம்பு. எண்ணெய் தீர்ந்தபோது தணலில் சுட்டாள். ஜாடியைத் திறக்க அப்பாயியைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. ஈரக் கை பட்டால் பூசணம் பிடிக்கும் என்பது காரணம். அளந்து எடுத்தாள் என்பதே உண்மை. அக்கம்பக்கத்திலிருந்து கிண்ணத்தோடு வந்தவர்களுக்கும் அளந்துதான் கொடுத்தாள். 2018-ல் கஜா வந்ததும் அதே ஐப்பசிக் கடைசியில்தான். அதற்குள் பாக்கெட் வற்றலுக்கு நாங்கள் எல்லாம் மாறியிருந்தோம். கடை திறந்தால்தான் பாக்கெட்.

இப்போது கும்பகோணத்தில் அடுக்குமாடி வீடு. மொட்டைமாடியில் சூரியத் தகடும் தண்ணீர்த் தொட்டியும் போக மீதியில் மறுபடியும் காய வைக்கிறேன். கோலப்பொடி மாதிரி உப்பு சிந்துகிறது என்று கீழ் வீட்டு மாமாவுக்குக் குறை. முதல் ஈட்டு மோர் மிளகாயில் அவருக்கும் ஒரு டப்பா கொடுத்ததில் அது தீர்ந்தது. தொட்டியில் கொத்தவரையும் மணத்தக்காளியும் வளர்க்கிறேன். மண், தொட்டி, உரம் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிய பிறகு கொத்தவரையில் லாபம் கிடையாது என்பதைக் கணக்குப் போட்டே சொல்கிறேன். சந்தையில் கூறு கட்டியதை வாங்குவதே மேல். மணத்தக்காளியில் நிச்சயம் லாபம், ஏனென்றால் கடையில் அதன் வற்றல் விற்கிற விலை அப்படி. மோர் மிளகாயும் கட்டுபடியாகும். ஜவ்வரிசி வடகம் அரைகுறை: சரக்கு மலிவு, பொரிக்கிற எண்ணெய்தான் தின்றுவிடுகிறது. கத்தரிக்காய் வற்றலை மட்டும் விட்டுவிட்டேன். வருஷம் முழுக்கக் கத்தரிக்காய் கிடைக்கிறது, தவிர அதை எங்கள் வீட்டில் அப்பாயியைத் தவிர யாரும் சாப்பிட்டதில்லை.